1300 வருஷத்து ஆணி

போன மாசம் எங்க குடும்ப வாட்சப் குரூப்புல சித்தப்பா ஒரு ஃபார்வர்டு போட்டார். ஜப்பான்ல ஒரு அஞ்சு நிலை மரக்கோபுரம். 1300 வருஷமா நிக்குதாம். "ஒரே ஒரு ஆணி கூட அடிக்காமல் கட்டியது! இன்றைய இன்ஜினியர்களால் முடியுமா?"ன்னு கடைசியில ஒரு கேள்வி, கூடவே நாலு கும்பிடு. குரூப்புல இன்ஜினியர்னு இருக்கறது நான் ஒருத்தன்தான். அதுவும் சாஃப்ட்வேர். எனக்காகவே போட்ட மாதிரி இருந்துச்சு.

"சித்தப்பா, அந்தக் கோபுரத்துல ஆணி இருக்கு. நான் அந்த ஊருக்குப் போயிருக்கேன்"னு பதில் டைப் பண்ணினேன். பண்ணிட்டு அழிச்சுட்டேன். ஒத்த வரியில சொல்லி முடிக்கற விஷயம் இல்லை அது. அதான் இந்தப் பதிவு.

நம்ம பொழப்பையே "ஆணி புடுங்கறது"ன்னு சொல்லிக்கற கூட்டம் நாம. "இன்னிக்கு ஆணி அதிகம், பதிவு போட முடியல"ன்னு ஆளாளுக்கு எழுதியிருக்கோம். அதனால ஆணியைப் பத்தி ஒரு வரலாற்றுப் பதிவு எழுத நமக்கு எல்லாத் தகுதியும் இருக்கு :)

இதை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். எழுதினா கடைசியில என் கதை ஒண்ணையும் சொல்ல வேண்டி வரும், அதுதான் காரணம். சரி, அது கடைசியில. முதல்ல கோபுரம்.

ஆன்சைட்னு சொல்லி கம்பெனியில என்னை ஒசாகாவுக்கு அனுப்பியிருந்தாங்க. ஞாயித்துக்கிழமைகள்ல ரூம்ல உக்காந்து குக்கர் விசிலை எண்ணிக்கிட்டு இருக்கப் பிடிக்காம ஊர் சுத்துவேன். அப்படி ஒரு ஞாயிறு நாரா பக்கம் ரயில் ஏறி, ஹோர்யூஜின்னு ஒரு ஸ்டேஷன்ல இறங்கினேன். அங்கேருந்து இருபது நிமிஷம் நடந்தா கோயில். இகாருகாங்கிற சின்ன ஊர். 1993ல ஜப்பான்ல முதல் தடவையா உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்ச இடங்கள்ல இதுவும் ஒண்ணு. உலகத்துல இன்னிக்கும் நிக்கிற மரக்கட்டடங்கள்ல ரொம்பப் பழசு இங்கதான் இருக்கு.

கோபுரம் சுமார் 32 மீட்டர் உயரம். தஞ்சாவூர்க் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு உயரம் பெரிசாத் தெரியல. நான் நின்னது வெளிப் பிராகாரத் தூண்கிட்ட. வயசான தூண். நடுவுல லேசாப் பருத்து, மேல போகப் போகச் சிறுத்து இருக்கு. அதுல இடுப்பு உயரத்துல, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசா ஒரு சதுரம். அழுகிப்போன இடத்தைச் செதுக்கி எடுத்துட்டு, அளவா வேற மரத்துண்டை வச்சு அடைச்சிருக்காங்க. நம்ம பாஷையில பேட்ச். பக்கத்துத் தூண்ல இன்னொண்ணு. அதுக்கு அடுத்ததுல அடிப்பாகம் முழுக்கவே வேற மரம்.

யாரும் அதை மறைக்கல. பெயின்ட் அடிச்சு ஒரே நிறமாக்கல. இது பழசு, இது ஒட்டு, இது ஒட்டுக்கு ஒட்டுன்னு பார்த்தாலே தெரியுது. அந்தச் சதுரத்தைத் தொட்டுப் பார்த்தப்ப வயித்துல ஏதோ பண்ணுச்சு. ஏன்னு கடைசியில சொல்றேன்.

ரூமுக்கு வந்து தேட ஆரம்பிச்சேன். அடுத்த சில மாசம் சனி ஞாயிறெல்லாம் அதுலயே போச்சு.

ஷோதொகு இளவரசர் 607ல கட்டினார்ங்கறது கோயில் வரலாறு. 670ல ஒரு கட்டடம் கூட மிஞ்சாம எரிஞ்சு போச்சுன்னு நிஹோன் ஷோகிங்கிற பழைய வரலாற்று நூல் சொல்லுது. அப்ப இப்ப நிக்கிறது அதுக்கப்புறம் கட்டினது. எரிஞ்சதா இல்லையான்னு ஜப்பான் அறிஞர்கள் பல பத்து வருஷம் சண்டை போட்டு, மண்ணைத் தோண்டிப் பழைய அஸ்திவாரத்தைப் பார்த்த பிறகுதான் ஓய்ஞ்சாங்க.

ஓய்ஞ்சாங்கன்னு நினைச்சா, 2001ல இன்னொரு வெடி. கோபுரத்து நடுத்தூணோட வளையங்களை எண்ணிப் பார்த்ததுல, அந்த மரம் வெட்டினது 594ல்னு தெரிஞ்சுச்சு. 670க்கு அப்புறம் கட்டின கோபுரத்துல 594ல வெட்டின மரம் எப்படி வந்துச்சு? வேற கட்டடத்துலேருந்து பிரிச்சு எடுத்ததா, வெட்டி அத்தனை வருஷம் காய வச்சிருந்ததா? இன்னிக்கு வரைக்கும் ஒரு முடிவுக்கு வரல. எது சரியா இருந்தாலும் சரி, நூறு வருஷத்துக்குக் கிட்ட ஒரு மரத்தைப் பத்திரமா வச்சிருந்து பயன்படுத்தியிருக்காங்க. நான் போன ஸ்பிரிண்ட்ல எழுதின கோடை இந்த ஸ்பிரிண்ட்ல தூக்கிப் போட்டேன்.

இதெல்லாம் படிக்கும்போது ஒரு பேர் திரும்பத் திரும்ப வந்துச்சு. நிஷியோக்கா சுனேகாஸு. 1908ல பிறந்து 1995ல இறந்தவர். ஹோர்யூஜி கோயிலோட தலைமைத் தச்சர். நம்ம ஊர்ல ஸ்தபதி பரம்பரை மாதிரி அங்க கோயில் தச்சர் பரம்பரை. தாத்தாவும் தலைமைத் தச்சர், அப்பாவும் தச்சர்.

பையன் படிப்பு விஷயத்துல வீட்ல தகராறு. அப்பாவுக்குத் தொழிற்பள்ளியில சேர்க்க ஆசை. தாத்தா ஒத்துக்கல, விவசாயப் பள்ளியில சேர்த்துவிட்டார். தச்சனுக்கு எதுக்கு விவசாயம்? மரம் மண்ணுலதானே வளருது, மண்ணு தெரியாதவனுக்கு மரம் எப்படித் தெரியும்ங்கறது தாத்தாவோட கட்சி. பையன் படிச்சு முடிச்சு வந்ததும் ஒரு வயலைக் கொடுத்து நெல் போடச் சொன்னார். பள்ளிக்கூடத்துல படிச்ச மாதிரியே பையன் பயிர் வச்சான். பக்கத்து வயல்காரங்களைவிட மகசூல் குறைச்சல். நீ புஸ்தகத்தோட பேசியிருக்கே, நெல்லோட பேசலைன்னு தாத்தா சொன்னாராம். அதை நிஷியோக்கா பிற்காலத்துல பல இடத்துல சொல்லியிருக்கார்.

நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு, கேம்பஸ்ல செலக்ட் ஆகி, முதல் நாள் லைவ் சிஸ்டத்தைப் பார்த்து முழிச்ச நமக்கெல்லாம் இந்த வயல் கதை புரியும்.

1934ல அரசாங்கம் ஹோர்யூஜியில பெரிய திருப்பணி ஒண்ணை ஆரம்பிச்சுது. ஒவ்வொரு கட்டடமா ஒவ்வொரு மரமாப் பிரிச்சு, நம்பர் போட்டு, கெட்டதை மாத்தி, திரும்ப அப்படியே கோக்கறது. நடுவுல போர் வந்துச்சு, நிஷியோக்காவையும் ராணுவத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க, வந்தார், திரும்பப் போனார். வேலை 1950கள் வரைக்கும் இழுத்துச்சு. எனக்கு இந்த மொத்தக் கதையில பிடிச்ச பகுதி இதுதான். ஏன்னா 1300 வருஷத்துக் கோடை ஒருத்தன் வரிவரியா ரிவ்யூ பண்ணினது இது.

உள்ள என்ன இருந்துச்சு?

ஆணி இருந்துச்சு. சித்தப்பா மன்னிக்கணும். தூணும் உத்திரமும் சேர்ற இடமெல்லாம் ஒரு மரத்தோட நாக்கை இன்னொரு மரத்தோட துளையில சொருகித்தான் செஞ்சிருக்காங்க, அது உண்மை. ஆனா கைமரம், பலகை இதுகளை நிறுத்த நீள நீளமா அடிச்சு உருவாக்கின இரும்பு ஆணிகள் இருந்துச்சு. முதல்ல கட்டினப்ப அடிச்ச ஆணியைப் பிடுங்கிப் பார்த்தா மேல மட்டும் துரு. உள்ள நல்ல இரும்பு. தட்டி நிமிர்த்தித் திரும்ப அடிக்கலாம்ங்கற நிலையில இருந்துச்சுன்னு நிஷியோக்கா சொல்றார். இடையில இடோ காலத்து ரிப்பேர்ல போட்ட ஆணிகள், ஆயிரம் வருஷம் இளசு, ஆனா அதுங்கதான் துருப்பிடிச்சு உதிர்ந்துச்சாம். ஒரே கட்டடத்துக்குள்ள எந்தக் காலத்துல எவன் ஒழுங்கா வேலை பார்த்தான், எவன் ஏனோதானோன்னு பார்த்தான்னு ஆணியே காட்டிக் கொடுத்துருச்சு.

அடுத்தது மரம். கூரை ஓடுகளை இறக்கினதும், பாரத்துல வளைஞ்சிருந்த கைமரங்கள் சில நாள்ல மெல்ல நிமிர்ந்துச்சாம். அந்தப் பழைய மரத்தை இழைச்சா, வர்ற சீவல்ல ஹினோகி மர வாசனை இன்னமும் அடிக்குமாம். ஹினோகிங்கறது சைப்ரஸ் வகை மரம், ஜப்பான் கோயில்களுக்கு அதுதான் தேக்கு மாதிரி.

அந்தக் காலத்துல அவங்ககிட்ட நீளவாக்குல அறுக்கற பெரிய ரம்பம் கிடையாது. அது ஜப்பானுக்கு வர்றது பல நூறு வருஷம் கழிச்சு. அதனால ஆப்பு வச்சுத்தான் மரத்தைப் பிளந்திருக்காங்க. ஆப்பு வச்சா மரம் நம்ம இஷ்டத்துக்குப் பிளக்காது, அதோட நார் எப்படி ஓடுதோ அப்படித்தான் பிளக்கும். நார் அறுபடாது, பலம் போகாது. ஆனா முறுக்கு இருக்கற மரத்துலேருந்து முறுக்கு இருக்கற கட்டைதான் கிடைக்கும். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. இடப்பக்கம் முறுக்கினதையும் வலப்பக்கம் முறுக்கினதையும் ஜோடி சேர்த்து, ஒண்ணோட திமிரை இன்னொண்ணு பிடிச்சு நிறுத்தற மாதிரி கோக்கணும். அளவு பார்த்துக் கோக்காதே, மரத்தோட குணம் பார்த்துக் கோன்னு அந்தத் தச்சர் பரம்பரையில வாய்மொழியா ஒரு விதி. மரமா வாங்காதே மலையா வாங்குன்னு இன்னொண்ணு. ஒரே மலையில வளர்ந்த மரங்களை, தெக்குப் பக்கம் வளர்ந்ததைக் கட்டடத்துல தெக்குப் பக்கமா வச்சுக் கட்டணும். இன்னொரு விதி எங்க மேனேஜருக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கலாம்னு இருக்கேன்: நூறு தச்சர் மனசையும் ஒண்ணு சேர்க்கத் தெரியாதவன் தலைமைத் தச்சன் பதவியை விட்டு இறங்கிடணும் :)

இவ்வளவு சொன்னதும் பழைய ஆளுங்க தப்பே பண்ணாத சித்தர்கள்னு நினைச்சுடாதீங்க. அந்த நடுத்தூண் இருக்கே, அதை மண்ணுக்குள்ள ஆழமா நட்டிருந்தாங்க. மண்ணுக்குள்ள நட்ட மரம் என்ன ஆகும்? மக்கும். மக்கிருச்சு. 1926ல பார்த்தா, தூணோட அடி இருந்த இடத்துல வெறும் பள்ளம். நல்லவேளை, கோபுரத்தோட மாடிகள் அந்தத் தூண் மேல நிக்கல, உச்சியில இருக்கற உலோகக் கலசத்தைத் தாங்கறதுதான் அதோட முக்கியமான வேலை. இதுக்கு ஒரு தலைமுறை தள்ளி, 730ல பக்கத்து யாகுஷிஜி கோயில்ல கட்டின கோபுரத்துல நடுத்தூணை மண்ணுல நடாம கல்லு மேல நிறுத்தினாங்க. வெர்ஷன் 2. முதல் தலைமுறை தப்பு பண்ணுச்சு, அடுத்தது திருத்திக்கிச்சு.

அப்புறம் தீ. 1949 ஜனவரி 26. பொன்மண்டபம்னு பேர் வாங்கின கோண்டோவைப் பிரிச்சுக்கிட்டு இருந்த சமயம். உள்ள சுவர் ஓவியங்களை ஓவியர்கள் நகல் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. அஜந்தாவோட ஒப்பிட்டுப் பேசற ஓவியங்கள் அது. விடிகாலையில தீப்பிடிச்சு, 12 பெரிய சுவர் ஓவியங்களும் நிறம் இழந்து கருகிப் போச்சு. கீழ்த்தளத்துத் தூண்கள் கரிக்கட்டை. ஆனா மேல்தள மரங்கள் தப்பிச்சுது. ஏன்? ஏற்கெனவே கழற்றி வேற இடத்துல வச்சிருந்தாங்க. அதே மாதிரி கழற்றி வச்சிருந்த சின்னச் சின்ன தேவதை ஓவியங்களும் தப்பிச்சுது. அடுத்த வருஷமே, 1950ல, ஜப்பான் கலாசாரச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்துச்சு. இப்பவும் ஜனவரி 26 அங்க கோயில்கள்ல தீயணைப்புப் பயிற்சி நாள்.

இந்த இடத்துல எனக்கு ஒண்ணு உறைச்சுது. 1300 வருஷமா நிக்குதுன்னு நாம சொல்றோம். சும்மா நிக்கல. சில நூறு வருஷத்துக்கு ஒரு தடவை யாரோ ஒருத்தன் வந்து அதைப் பிரிச்சிருக்கான், ரிப்பேர் பண்ணியிருக்கான். பிரிக்கற மாதிரி, பிரிச்சாப் புரியற மாதிரி கட்டினதாலதான் அது முடிஞ்சுது. முதல்ல கட்டினவன், தனக்கு அப்புறம் வரப்போற, முகமே தெரியாத ஒருத்தனை மனசுல வச்சுக்கிட்டுக் கட்டியிருக்கான். அவனுக்குத் தெரியணுமேன்னு கட்டியிருக்கான். நாம கட்டுப்பாடு, ஒழுக்கம், டெடிகேஷன்னு என்னென்னவோ சொல்றோமே, அதெல்லாம் இந்த ஒரு நினைப்புக்குள்ள அடங்கிடுதுன்னு தோணுது.

நிஷியோக்கா படிச்சதை வச்சு என்ன கட்டினார்னும் சொல்லணும். யாகுஷிஜியில ரெட்டைக் கோபுரம். கிழக்குக் கோபுரம் நிக்குது, மேற்குக் கோபுரம் 1528ல எரிஞ்சு போய் வெறும் அஸ்திவாரம் மட்டும் இருந்துச்சு. கோயிலைப் பழையபடி கட்டணும்னு தலைமைத் துறவி தகாதா கோயின் 1968ல இறங்கினார். பெரிய கம்பெனிகள்கிட்ட போகாம, பொதுமக்கள் ஆளுக்கு ஒரு சூத்திரத்தைக் கையால எழுதி, கூட 1000 யென் காணிக்கை வச்சுக் கொடுக்கணும்னு கேட்டார். இலக்கு பத்து லட்சம் பிரதி. இலக்கைத் தொட்டாங்க. 1976ல பிரதான மண்டபம், 1981ல மேற்குக் கோபுரம்.

மண்டபம் கட்டறப்ப அறிஞர்களுக்கும் தச்சருக்கும் முட்டிக்கிச்சு. உள்ள இருக்கற புத்தர் சிலைகளைத் தீயிலேருந்து காப்பாத்தக் கான்கிரீட் வேணும்னு அறிஞர்கள். ஆயிரம் வருஷம் நிக்கக்கூடிய மரத்தை, நூறு வருஷத்துல போகப்போற கான்கிரீட்டோட கட்டிப் போடாதீங்கன்னு இவர். கடைசியில கருவறைப் பகுதி கான்கிரீட், சுத்தி மரம்னு முடிஞ்சுது. இதுல அறிஞர்களையும் குத்தம் சொல்ல முடியல. 1949 தீயைப் பார்த்த தலைமுறை அது. மறுபடி தீப்பிடிச்சா யார் பதில் சொல்றது?

மேற்குக் கோபுரத்தை அவர் கிழக்கைவிட 30 சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் அதிக உயரமாக் கட்டினார். மரம் காயும், பாரத்துல அமுங்கும், அஸ்திவாரம் லேசா இறங்கும். 500 வருஷத்துல ரெண்டு கோபுரமும் ஒரே உயரத்துக்கு வந்துடும்ங்கறது அவர் கணக்கு. அதைச் சரிபார்க்க அவர் இருக்க மாட்டார், கட்டச் சொன்னவர் இருக்க மாட்டார், அப்ரைசல் கிடையாது. ஆனாலும் கணக்குப் போட்டு ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவா ஏத்திக் கட்டியிருக்கார்.

ஆணி? அதுக்கு மாத்ஸுயாமா ஊர்க் கொல்லர் ஷிராதகா யுகினோரியைப் பிடிச்சார். கடையில கிடைக்கற இரும்புல கலப்பு அதிகம், சீக்கிரம் துருப்பிடிக்கும்னு, ஒரு உருக்கு ஆலையில தனியாச் சுத்தமான இரும்பு தயாரிக்க வச்சு வாங்கி, பழைய ஆணி மாதிரியே ஒவ்வொண்ணா அடிச்சு ஆயிரக்கணக்குல செஞ்சு கொடுத்தார் அவர். இரும்பு ரொம்பக் கெட்டியா இருந்தா மரத்துல கணு வர்ற இடத்தை உடைச்சுக்கிட்டுப் போகும். ரொம்ப மெத்துன்னு இருந்தா உள்ளயே போகாது. சரியான பதத்துல இருந்தா கணுவைச் சுத்தி லேசா வளைஞ்சு ஒதுங்கிப் போகும். அந்தப் பதத்துக்காக வருஷக்கணக்கா மல்லுக்கட்டியிருக்கார் மனுஷன். இவர் கதை ஜப்பான்ல அஞ்சாம் வகுப்புப் பாடப் புஸ்தகத்துல பாடமா வந்துச்சு. ஆணி புடுங்கறதைப் பத்தி நாம ஜோக் அடிக்கறோம், அவங்க ஆணி அடிக்கறதைப் பத்திக் குழந்தைங்களுக்குப் பாடம் வச்சிருக்காங்க.

இதோட நிறுத்தினா நிஷியோக்கா சாமி ஆயிடுவார். அதுக்கு ஒரு விலை இருந்துச்சு. காசுக்காக வீடு கட்டற வேலைக்குப் போகக் கூடாது, கை கெட்டுப் போகும்ங்கறது அந்தக் கோயில் தச்சர் குடும்பத்துக் கட்டுப்பாடு. கோயில் வேலை இல்லாத காலத்துல வயல்தான் சோறு. போருக்கு அப்புறம் அதுவும் போதாம, நிலத்தையும் காட்டையும் வித்துச் சாப்பிட்டாங்க. அதையெல்லாம் பார்த்து வளர்ந்த ரெண்டு பிள்ளைகளும் தச்சு வேலைக்கு வரல. தப்புன்னு சொல்ல முடியுமா? என் அப்பா அப்படி இருந்திருந்தா நானும் வந்திருக்க மாட்டேன்.

மரத்துக்கும் ஒரு விலை. அவ்வளவு பெரிய ஹினோகி மரம் ஜப்பான்ல கிடையாது, தைவான் மலையிலேருந்து வந்துச்சு. ஆயிரக்கணக்கான வருஷம் வளர்ந்த மரங்கள். ஆயிரம் வருஷம் வளர்ந்த மரத்தை வெட்டினா, அதை இன்னொரு ஆயிரம் வருஷம் நிக்க வைக்கறது தச்சனோட கடன்ங்கறது அவர் கொள்கை. கடன்தான், சந்தேகமில்லை. ஆனா அந்த மலையில அந்த மரம் இப்ப இல்லை, அதையும் சேர்த்தே சொல்லணும்.

வெளியிலேருந்து ஒரு பையன் வந்தான். ஒகாவா மிட்சுவோ. ஸ்கூல் டூர்ல ஹோர்யூஜி கோபுரத்தைப் பார்த்துட்டு, இதைக் கட்டற வேலைக்குத்தான் போவேன்னு முடிவு பண்ணினவர். 1966ல நிஷியோக்கா வீட்டு வாசல்ல போய் நின்னார். இப்ப வேலையே இல்லை, போன்னு திருப்பி அனுப்பிட்டார். வேற பட்டறைகள்ல வேலை கத்துக்கிட்டு, 1969ல திரும்ப வந்து சேர்ந்தார். முதல் வருஷம் டிவி, ரேடியோ, பேப்பர் எதுவும் கூடாது, உளியைத் தீட்டறது மட்டும்தான் வேலைன்னு உத்தரவு. எப்படித் தீட்டறதுன்னு சொல்லித் தரல. ஒரு தடவை இழைச்சுக் காட்டி, ஊதினாப் பறக்கற மாதிரி ஒரு சீவலைக் கையில கொடுத்து, இந்த மாதிரி வரணும்னு மட்டும் சொன்னார். அதை ஜன்னல்ல ஒட்டி வச்சுக்கிட்டுத் தீட்டியிருக்கார் இவர்.

அதே ஒகாவா, குருவோட ஒரு விஷயத்தை மட்டும் பின்பத்தலை. சிஷ்யனுங்க பட்டினி கிடக்கக் கூடாதுன்னு 1977ல சொந்தமாத் தச்சுக் கம்பெனி ஆரம்பிச்சார். நாடு முழுக்கக் கோயில் வேலை எடுத்தார், பசங்களைக் கூடவே தங்க வச்சுச் சோறு போட்டுச் சம்பளமும் கொடுத்தார். சேர்ற பையனுக்கு இங்கயும் முதல் வேலை சமையல், பெருக்கறது, தீட்டறது. ஒழுங்கு மாறல, பட்டினி மட்டும் போச்சு. எனக்கு இந்த ரெண்டு பேர்ல ஒகாவாவைக் கொஞ்சம் கூடப் பிடிக்கும்.

இப்ப என் கதை.

ஒசாகா போறதுக்கு முன்னாடி, சென்னையில ஒரு ப்ராஜெக்ட். ஒரு குடோன் சரக்கு இருப்பைக் கணக்குப் பார்க்கற ப்ரோக்ராம் என் பொறுப்பு. ராத்திரி ஓடும், காலையில ரிப்போர்ட் போகும். டெலிவரிக்கு முந்தின நாள் ரெண்டு பக்கக் கணக்கும் ஒண்ணு ரெண்டு இடிச்சுது. ஏன்னு தேட நேரம் இல்லை. தேட மனசும் இல்லை, அதான் நிஜம். வித்தியாசம் ரெண்டுக்குள்ள இருந்தா கண்டுக்காதேன்னு ஒரு வரி போட்டேன். ஒரு கமென்ட் கூட எழுதல. எழுதினா ரிவ்யூல கேட்பாங்களே. டெஸ்ட் பச்சை ஆச்சு. எல்லாரும் பிரியாணி சாப்பிட்டோம். எனக்கு ஆன்சைட் வந்துச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு அந்த குடோன்ல கணக்கைத் தனித்தனிப் பொருளா இல்லாம பெட்டிக் கணக்கா மாத்தினாங்க. ரெண்டு பொருள் ரெண்டு பெட்டி ஆச்சு. என் ஒத்த வரி அதையும் கண்டுக்கல. ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு சரக்குலயும் ரெண்டு பெட்டி வரைக்கும் காணாமப் போறதை யாருக்கும் சொல்லாம மறைச்சுக்கிட்டே இருந்துச்சு. வெடிச்சப்ப, அதைக் கடைசியாத் தொட்டவன்னு ஒரு தம்பி மாட்டினான். சேர்ந்து எட்டு மாசம் ஆன பையன். நடுவுல கோடை வேற இடத்துக்கு மாத்தினதுல பழைய வரலாறு போயிருச்சு, எந்த வரியை யார் எழுதினதுன்னு தெரியாது. மூணு ராத்திரி அவன் வீட்டுக்குப் போகல. கால்ல அவனைக் காய்ச்சி எடுத்தாங்கன்னு கேன்டீன்ல பேசிக்கிட்டாங்க. நான் அப்ப ஊருக்குத் திரும்பி வந்து, அதே பில்டிங்ல வேற மாடியில இருந்தேன். எனக்குத் தெரியும் அது யாரோட வரின்னு. டீயைக் குடிச்சுட்டு மேல போயிட்டேன்.

அந்தத் தூண்ல இருந்த ஒட்டைத் தொட்டப்ப எனக்கு நினைவுக்கு வந்தது என் ஒத்த வரிதான். வெடிக்கறதுக்கு முன்னாடியே அது அங்க இருக்குன்னு எனக்குத் தெரியுமே. அதுவும் ஒட்டுதான். இங்க ஒருத்தன் அழுகினதை எடுத்தேன், இதை வச்சேன்னு வெளிச்சத்துல வச்சிருக்கான். நான் அழுகினது மேலயே பெயின்ட் அடிச்சேன். அன்னிக்கு வயித்துல பண்ணினது அதுதான். அன்னிக்கே சென்னைக்கு ஒரு மெயில் போட்டிருந்தா அந்தத் தம்பி மாட்டியிருக்க மாட்டான். நான் போடல. சுஷி சாப்பிட்டுட்டு ரயில் ஏறிட்டேன்.

போன மாசம் சித்தப்பா ஃபார்வர்டு வந்த அன்னிக்கு ராத்திரி அந்தத் தம்பிக்குப் போன் பண்ணினேன். அவன் இப்ப வேற கம்பெனி. "அந்த வரி நான் எழுதினதுடா"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அண்ணே, அது அப்பவே எனக்குத் தெரியும்ணே. நீங்க வேரியபிளுக்கு வைக்கற பேரு வேற யாரும் வைக்க மாட்டாங்க"ன்னான்.

தெரிஞ்சும் அவன் என் பேரைச் சொல்லல. நான் ஏதாவது சொல்றேனான்னு பார்த்தியான்னு கேக்க வாய் வரல. அவனே பேச்சை மாத்தி, பிரியாணி எப்ப வாங்கித் தர்றீங்கன்னு கேட்டான். மறுநாள் பழைய டீம் லீடுக்கும் விவரமா ஒரு மெயில் போட்டேன். பதில் ஒரே வரி: "தேங்க்ஸ் ஃபார் லெட்டிங் அஸ் நோ." அவ்வளவுதான்.

இதனால நான் திருந்திட்டேன்னு சொல்ல வரல. போன வாரம் கூட ஒரு இடத்துல அவசரத்துக்கு ஒட்டு போட்டேன். ஆனா அது மேலயே நாலு வரி எழுதினேன்: என்ன உடைஞ்சுது, ஏன் இப்படிப் பண்ணினேன், எப்ப இதைப் பிடுங்கி எறியணும், பிடுங்கினா வேற எது ஆடும். கீழ என் பேர், தேதி. ரிவ்யூல நாலு கேள்வி கேட்டாங்க. கேக்கட்டும்.

சித்தப்பாவுக்கும் பதில் போட்டுட்டேன்: "ஆணி இருக்கு சித்தப்பா. நல்ல ஆணி." அவர் ஒரு கட்டைவிரல் அனுப்பினார். அடுத்த நிமிஷமே பப்பாளி இலைச் சாறு பத்தி ஒரு ஃபார்வர்டு.

பி.கு: உங்க வாழ்க்கையில நீங்க அடிச்ச, இன்னும் யாரும் பிடுங்காத ஆணி ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க மக்கா. அனானியா வந்தாலும் பரவாயில்லை. வேரியபிள் பேரை வச்சுக் கண்டுபிடிச்சுக்கறோம் :)